நம்ம ஆளு இருக்கும் அறை

மதுரையில் எந்த ஆபீஸுக்குப் போனாலும் உள்ளே நம்ம ஆளு யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டுத்தான் படியேறுவோம். பத்திர ஆபீஸ், மின்வாரியம், வங்கி, பள்ளிக்கூட அட்மிஷன் எல்லாவற்றுக்கும் இதே வழக்கம்தான். நம்ம ஆளு ஒருவர் உள்ளே இருந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. இந்த வழக்கம் செல்லாத ஓர் அறை உண்டு. அந்த அறையில்தான் நான் பல வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன்.

அரசு மருத்துவமனை ஒன்றில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையம் அது. ரத்தம் எடுப்பதற்கு முன்னாலும் முடிவு வந்த பின்னாலும் வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. சொந்தக்காரர்களிடம் சுருக்கமாக, ‘கவுன்சிலிங்கில் இருக்கிறேன்’ என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதனால் பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருவர் என்னைப் பந்தியிலேயே பிடித்துக்கொண்டு, “எம் மகனுக்கு இம்புட்டு மார்க்கு, எந்த காலேஜ் கிடைக்கும்?” என்று கேட்பார். நானும் அசராமல் ஒரு காலேஜ் பெயரைச் சொல்லிவிடுவேன். சிலருக்கு அதே காலேஜ் கிடைத்தும் இருக்கிறது. அவர்கள் வீட்டில் எனக்குத் தனி மரியாதை.

எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரா. தெருவில் தமிழ், வீட்டுக்குள் எங்கள் பேச்சு. பொது இடத்தில் அடுத்தவருக்குப் புரியாமல் பேசவும் அதையே எடுத்துக்கொள்வோம். ஜவுளிக்கடையில் சேலையைக் கையில் வைத்துக்கொண்டே, ‘இவன் விலை கூடச் சொல்றான், எந்திரி போவோம்’ என்று எங்கள் பேச்சில் சொல்ல, கடைக்காரர் அதே பேச்சில், ‘உக்காருங்க, குறைச்சுத் தாரேன்’ என்று பதில் சொல்லி மானம் போன கதை எங்கள் ஆட்களில் எல்லோர் வீட்டிலும் உண்டு. எங்கள் ஆட்கள் நிறைந்த பரமக்குடியிலும் மதுரையிலும் அந்தப் பேச்சை நம்பி ரகசியம் பேசக் கூடாது. ஆனாலும் பேசுவோம். அடுத்த கடையிலும் பேசுவோம்.

எங்கள் மையத்தில் ரத்தம் எடுத்துப் பார்க்கும் லேப் டெக்னீஷியன் திருமங்கலம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன். பையன் என்று நான்தான் சொல்கிறேன். அவனுக்கே இரண்டு பிள்ளைகள். என்னை அக்கா என்பான். என் டிபன் பாக்ஸில் புளியோதரை இருந்தால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இல்லை. தினமும் மதியம் நான் என் அம்மாவோடு போனில் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எங்கள் பேச்சு அவன் காதுக்குப் பழகியிருந்தது. அர்த்தம் தெரியாது. ஆனால் எங்கே கேட்டாலும் இன்ன பேச்சு என்று கண்டுபிடித்துவிடுவான். மிக நல்லவன். என் அறைக் கதவின் தாழ்ப்பாள் சரியாக விழாது. அதை மாற்ற வைக்கிறேன் என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பதைத் தவிர அவனிடம் எனக்கு வேறு குறையில்லை.

வாலிபப் பையன்கள் எங்கள் மையத்துக்கு வருகிற அழகே தனி. ஒரே பைக்கில் மூன்று பேராக வருவார்கள். காளவாசலில் வேலை, இந்தப் பக்கம் வந்தோம், சும்மா எட்டிப் பார்த்தோம் என்பார்கள். ஒருவன் மற்றவனை உள்ளே தள்ளுவான். என்னைப் பார்த்ததும் மூன்று பேரும் வெளியே போய்விடுவார்கள். டெக்னீஷியன் அவர்களை ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே டீக்கடைக்குக் கூட்டிப் போவான். “அண்ணே, நம்ம ஃப்ரெண்டு ஒருத்தனுக்கு ஒரு டவுட்டு” என்று ஆரம்பித்து, டீ முடிவதற்குள் அந்த ஃப்ரெண்டு யார் என்பது வெளியே வந்துவிடும். அப்புறம் தோளில் கை போட்டுக் கூட்டி வந்து ரத்தம் எடுப்பான். ‘இல்லை’ என்று முடிவு வந்தால் மூன்று பேரும் சேர்ந்து விசில் அடிப்பார்கள். திட்ட வேண்டும் போலவும் இருக்கும், சிரிப்பும் வரும்.

அதே வயசுப் பெண்கள் அப்படி வந்து நான் பார்த்ததில்லை. ‘என் ஃப்ரெண்டுக்கு ஒரு சந்தேகம்’ என்று ஒரு பெண் சொல்லி வரக்கூடிய இடமாக இதை யாரும் வைத்திருக்கவில்லை. வாசலில் நிற்பதைத் தெரிந்தவர் ஒருவர் பார்த்தாலே போதும், அவள் கதை முடிந்தது. பெண்கள் வருவது வயிற்றில் பிள்ளையோடுதான். கர்ப்பம் என்றால் எல்லோருக்கும் எடுக்கிற பரிசோதனைகளில் இதுவும் ஒன்று. அதனால் ஒரு வீட்டில் முதலில் தெரிய வருவது பல நேரம் மருமகளுக்குத்தான். கணவன் அதுவரை ஊசி முனையைக்கூடப் பார்த்திருக்க மாட்டான். யாருக்கு முதலில் தெரிந்ததோ அவள்தான் கொண்டு வந்தாள் என்று வீடு முடிவு கட்டிவிடும். கட்டிய புருஷனைத் தவிர வேறு ஆணின் முகத்தை நிமிர்ந்து பார்த்திராத பெண்களை இப்படி நான் எத்தனை பேரைப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் எனக்கு எரிச்சலாக வரும். பக்கத்துக் கட்டிடத்தில் மாத்திரை கொடுக்கும் இடத்தில் பார்த்தாலும் அப்படித்தான். புருஷனுக்கும் சேர்த்து வரிசையில் நிற்பது பெண்டாட்டியாக இருக்கும், இல்லையென்றால் அம்மாவாக இருக்கும். கேட்டால், “அவருக்கு வேலை இருக்குக்கா, லீவு தர மாட்டாங்க” என்பார்கள். இவளும் வேலைக்குப் போகிறவள்தான்.

இப்போது சொல்லப் போகிற குடும்பத்தை, அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரிகிற மாதிரி எதையும் வைக்கவில்லை. அந்தப் பெண் போட்ட நிபந்தனை ஒன்றுதான். தன் மாமியாரை நல்லபடியாக எழுத வேண்டும்.

அவளுக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டு வயசிருக்கும். பரமக்குடியில் பிறந்து மதுரைக்கு வாழ்க்கைப்பட்டவள். நான்கு மாதம் முடிந்து ஐந்தாவது நடந்துகொண்டிருந்தது. கணவன் சிம்மக்கல்லில் ஒரு மொத்தக் கடையில் வேலை பார்ப்பவன். மாமியார் டிபன் கேரியரோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மருமகள் பசி தாங்க மாட்டாள் என்று கட்டிக்கொண்டு வந்த சோறு. அவர்கள் எங்கள் ஆட்கள் என்று பெஞ்சில் பேசிக்கொண்டதைக் கேட்டே தெரிந்துகொண்டேன். நான் காட்டிக்கொள்ளவில்லை. வேலையில் நான் தமிழ்தான் பேசுவேன்.

எச்.ஐ.வி. இருக்கிறது என்ற முடிவை முதலில் அவளிடம் தனியாகச் சொன்னேன். “பிள்ளைக்கு?” என்றாள். மாத்திரையை இப்போதே ஆரம்பித்து விடாமல் சாப்பிட்டால், பிறந்ததும் குழந்தைக்கும் மருந்து கொடுத்தால், குழந்தைக்கு வராமல் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம் என்றேன். தலையாட்டினாள். கணவனைக் கூப்பிடச் சொன்னாள். அவனிடம் அவளே சொன்னாள்.

நான் தண்ணீர் எடுக்கத் திரும்பினேன். அவன் அழ ஆரம்பித்திருந்தான். அழுதுகொண்டே எங்கள் பேச்சில் அவளிடம் சொன்னான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“அம்மாவுக்கு என்னால வந்ததுன்னு தெரிஞ்சா நான் உசுரோட இருக்க மாட்டேன். சின்ன வயசுல உனக்கு ரத்தம் ஏத்துனாங்கல்ல, அதுல வந்துச்சுன்னு சொல்லிரு. நான் டெஸ்ட் எடுத்துக்க மாட்டேன்.”

அவள் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

“சரி, சொல்லிர்றேன். நீங்க அழாதீங்க.”

தண்ணீர் டம்ளரோடு நான் நின்றுகொண்டிருந்தேன். திரும்பி என்ன முகத்தைக் காட்டுவது என்று தெரியவில்லை. யாருக்கு யார் ஆறுதல் சொல்வது! அந்தப் பெண்ணை இழுத்து மடியில் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. அவன் பரிசோதனை செய்துகொண்டுதான் ஆக வேண்டும், அவனுக்கும் மருந்து வேண்டும் என்று எப்படி ஆரம்பிப்பது என யோசித்துக்கொண்டிருந்தபோது, தாழ்ப்பாள் விழாத கதவைத் தள்ளிக்கொண்டு எங்கள் டெக்னீஷியன் உள்ளே வந்தான். அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்தான். அவன் மனசு தாங்கவில்லை.

“அழாதம்மா. எங்க அக்கா இருக்குல்ல, ஒண்ணும் கவலைப்படாத. அக்காவும் உங்க ஆளுகதான். வீட்டுக்குப் போன் போட்டா உங்க பாஷையிலதான் பேசும்.”

அவன் ஊரில் இதைவிடப் பெரிய ஆறுதல் கிடையாது. இங்கே அந்த இரண்டு பேரும் சிலை மாதிரி ஆகிவிட்டார்கள். கணவன் என்னைப் பார்த்தான், அவள் என்னைப் பார்த்தாள், நான் டம்ளரைப் பார்த்தேன். ‘நாளைக்கு வாரோம்’ என்று தமிழில் சொல்லிவிட்டு எழுந்தார்கள். நான் பின்னாலேயே போனேன். வெளியே மாமியார் கேரியரைத் திறந்துகொண்டிருந்தார். அவன் அதைப் பிடுங்கி மூடி எடுத்துக்கொண்டு நடந்தான். மூன்று பேரும் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

“நான் என்னக்கா தப்பாச் சொல்லிட்டேன்?” என்றான் டெக்னீஷியன்.

அவனைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. “நம்ம ஆளுன்னா நம்ம தெருவுக்குத் தெரியும்னு அர்த்தம்டா” என்றேன். அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்றைக்குப் புளியோதரை வேண்டாம் என்றுவிட்டான்.

அடுத்த நாள் அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கொடுத்திருந்த நம்பருக்கு அடித்தால் ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது. வீட்டுக்கு ஆள் அனுப்பலாம். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் அந்தத் தெருவில் வந்து விசாரித்தால் மாடியிலிருந்து ஏழு தலை எட்டிப் பார்க்கும். நானே போனால் அதைவிட மோசம். அவள் வயிற்றில் பிள்ளை வளர்ந்துகொண்டிருந்தது. அவளிடம் மாத்திரை இல்லை. என் அம்மா போன் செய்தால்கூட அந்த வாரம் நான் எங்கள் பேச்சில் பேசவில்லை. என்னடி ஆச்சு உனக்கு, வாயில என்ன வச்சிருக்க என்று அம்மா கேட்டாள். தொண்டை சரியில்லை என்றேன்.

ஒரு நாள் காலையில் நான் பூட்டைத் திறக்கும்போதே அந்தக் கணவன் தனியாக நின்றுகொண்டிருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் கழற்றினான். முகம் வற்றியிருந்தது. எங்கள் பேச்சிலேயே கேட்டான்.

“அன்னைக்கு நாங்க பேசுனத நீங்க கேட்டீங்கல்ல?”

“கேட்டேன்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்தான்.”

அவன் ஹெல்மெட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தான். “அவ அன்னைக்கே அம்மாகிட்டச் சொல்லிட்டா. ரத்தம் ஏத்துனதுல வந்ததுன்னு. நான் பக்கத்துலதான் நின்னேன். அம்மா நம்பிட்டாங்க. சொந்தக்காரங்களும் நம்பிருவாங்க. இந்த ஊர்ல நீங்க ஒரு ஆளு மட்டும் நம்ப மாட்டீங்க. அதுதான் என்னையத் தூங்க விட மாட்டேங்குது.”

“அவ எங்க இப்ப?”

“மாட்டுத்தாவணியில. இன்னைக்கு அவளைப் பரமக்குடிக்கு அனுப்புறாங்க. அம்மா பஸ் ஏத்திவிடப் போயிருக்காங்க.”

எங்களில் ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு, கை நிறைய வளையலோடுதான் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஐந்தாம் மாதத்தில் வெறுங்கையோடு ஒரு பெண் பெட்டியும் பையுமாகக் கிளம்பினால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெருவில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. போகிற பெண் திரும்புவது நிச்சயமில்லை.

எனக்கு அவன் மேல் கோபம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவன் தானாகவே சட்டைக் கையை மடித்துவிட்டு டெக்னீஷியனின் முன்னால் போய் உட்கார்ந்து, ஊசியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இருபத்தாறு வயசுப் பிள்ளை. டெக்னீஷியன் இந்த முறை எந்த ஆளு என்ற பேச்சையே எடுக்கவில்லை. “கையை லேசா விடு மாப்ள. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்” என்று மட்டும் சொன்னான்.

முடிவு வரும்வரை அவன் பேசிக்கொண்டே இருந்தான். “சூரத்ல கடையில இருந்தப்ப…” என்று ஆரம்பித்தான். எங்கே, யாரால் என்று நான் யாரிடமும் கேட்பதில்லை, எனக்கு அது தேவையில்லை என்று நிறுத்திவிட்டேன். அவனுக்கும் இருந்தது. சொன்னேன். அவன் அழவில்லை. அன்றைக்கு அழுததிலேயே தீர்ந்துவிட்டது போலும்.

“அவ பரமக்குடி போயிட்டா மாத்திரை?” என்று கேட்டான்.

“அங்க பக்கத்துலயும் வாங்கலாம், நான் எழுதித் தாரேன். ஆனா தினமும் எதுக்கு இந்த மாத்திரைன்னு அவ வீட்டுல கேப்பாங்கல்ல? யார்கிட்ட என்னன்னு சொல்லுவா? இங்க சொன்ன பொய்ய அங்கயும் சொல்லணும். நீ ஒருத்தன் பக்கத்துல இருந்தாத்தான் அவ ஒழுங்காச் சாப்பிடுவா. நீயும் சாப்பிடணும்.”

அவன் போனை எடுத்தான். மனைவிக்கு அடிப்பான் என்று நினைத்தேன். அம்மாவுக்கு அடித்தான். எங்கள் பெண்கள் போனில் பேசினால் பரமக்குடிக்குப் போனே இல்லாமல் கேட்கும். அந்தப் பக்கத்துப் பேச்சு முழுதும் எனக்குக் கேட்டது. பின்னால் பஸ் ஹாரன்கள், ‘மானாமதுர பரமக்குடி ராம்நாடு’ என்று ஒரு கண்டக்டரின் குரல்.

“அம்மா, அவளை ஏத்திவிட்டுட்டியா?”

“உக்கார வச்சுட்டேன். சன்னல் சீட்டுதான். வாந்தி வந்தா எலுமிச்சம்பழம் கொடுத்திருக்கேன். நீ எங்கடா இருக்க? பொண்டாட்டி போறா, வந்து நிக்க வேணாமா?”

“அம்மா, நான் ஆஸ்பத்திரியில இருக்கேன். எனக்கும் இருக்கு. அவளுக்கு ரத்தம் ஏத்துனதுல வரல. என்னாலதான் வந்துச்சு. அவ எனக்காகப் பொய் சொன்னா.”

அந்தப் பக்கம் கண்டக்டர் மட்டும் ஊர் பெயர்களைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவன் அம்மா, அம்மா என்றான். டெக்னீஷியனுக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் அவன் கிளவுஸைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தான். பிறகு அந்த அம்மாவின் குரல் வந்தது. மகனிடம் இல்லை. தமிழில், பஸ்ஸைப் பார்த்து.

“ஏப்பா கண்டக்டர், நிறுத்து, நிறுத்து. அந்த நீலப் பைய எறக்கு. சன்னல்ல இருக்கிறது எம் மருமக. அவ எங்கயும் போகல.”

கண்டக்டர் ஏதோ சத்தம் போட்டார். அதற்கு அந்த அம்மா போட்ட சத்தத்தை இங்கே எழுதினால் நிபந்தனை மீறியதாகிவிடும்.

ஆட்டோவில் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். அந்த அம்மா மகனைப் பார்க்கவே இல்லை. அவனைத் தாண்டி வந்து பெஞ்சில் உட்கார்ந்து, நீலப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு, கேரியரை மடியில் வைத்துக்கொண்டார். அவன் கொஞ்சம் தள்ளி, சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தான். என்னைக் கண்டதும் அந்த அம்மா எங்கள் பேச்சிலேயே, “நீ எந்தத் தெருப் பொண்ணு?” என்று கேட்டார். சொன்னேன். “அப்ப உங்க அம்மாவ எனக்குத் தெரியும்” என்றார். “எங்க அம்மாவுக்கு உங்களத் தெரியாது. இந்த வாசலைத் தாண்டினா எனக்கும் உங்களத் தெரியாது” என்றேன். அவர் சரி என்று தலையை ஆட்டினார். அந்தச் சொல்லை இன்றுவரை நாங்கள் இரண்டு பேரும் காப்பாற்றுகிறோம். கல்யாண வீடுகளில் அவர் பந்தியில் நின்றால் என் இலையில் மட்டும் பாயசம் இரண்டு கரண்டி கூட விழும். முகத்தைப் பார்க்க மாட்டார். ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தது, நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது, ஒன்றரை வயசில் கடைசிப் பரிசோதனையிலும் குழந்தைக்கு இல்லை என்று உறுதியானது. அதெல்லாம் பிறகு.

அன்றைக்கு அந்தப் பெண்ணை உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்தேன். கதவைச் சாத்தினேன், அது வழக்கம் போலத் திரும்பவும் கொஞ்சம் திறந்துகொண்டது. அவள் கையில் இன்னும் அந்த எலுமிச்சம்பழம் இருந்தது. எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. இனிமேல் தமிழ் எதற்கு? எங்கள் பேச்சிலேயே கேட்டேன்.

“ஏம்மா, அவன் சொன்னா நீ தலையில தூக்கிப் போட்டுக்கிறதா? திரும்பி வர முடியாமப் போயிருந்தா?”

அவள் பழத்தை மோந்து பார்த்துவிட்டுச் சொன்னாள். “பொண்ணுன்னா ஏதாவது ஒரு பேரு எப்படியும் வந்துரும்க்கா. கல்யாணமாகி ஒரு வருசம் பிள்ளை நிக்கலைன்னு ஒண்ணு வந்துச்சு. இது இன்னொண்ணு. நாலு நாள் பேசிட்டு விட்டுருவாங்க. அவருக்குப் பேரு வந்துச்சுன்னா அத்தை செத்துருவாங்க.”

வெளியே பெஞ்சில் கேரியரின் அடுக்குகளைப் பிரிக்கும் சத்தம் நின்றது.

“நான் ஒண்ணும் சாக மாட்டேன்” என்று கதவுச் சந்து வழியாக மாமியாரின் குரல் வந்தது. “நீ வெளிய வந்து முதல்ல சாப்பிடு. அப்புறம் அங்க சுவத்தோரமா உக்காந்திருக்கானே, அவனையும் கூட்டிக்கிட்டு மாத்திரை வாங்கப் போ. உன் மாத்திரைய நீ வாங்கு. அவன் மாத்திரைய அவனே வரிசையில நின்னு வாங்கட்டும்.”